கண்ணும் மனமும் செய்யும் தரகு வேலை: வாசகர் கேள்வி–பதில்

யூதர்களின் ஓய்வுநாள் பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது, ‘அவர்கள் மனத்துக்கும் வேலி போடுகிறார்கள்’ என்று போகிற போக்கில் ஒரு வரி சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த வரியைப் பற்றித்தான். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து எட்டுக் கேள்விகளாக்கியிருக்கிறோம்.

கேள்வி: கெட்டதைப் பார்க்காதே, நினைக்காதே என்று எல்லா மதமும்தான் சொல்கிறது. யூதர்களிடம் இதற்கென்று சட்டம் உண்டா, அறிவுரையோடு சரியா? (கும்பகோணம் வாசகர்)

சட்டமே உண்டு. யூத வேதமான தோராவின் நான்காம் நூல் எண்ணாகமம்; அதில் 15ஆம் அதிகாரத்தின் கடைசி ஐந்து வசனங்களைப் பாருங்கள். ‘உங்கள் இருதயத்தின் பின்னும் உங்கள் கண்களின் பின்னும் திரியாதீர்கள்’ என்று வருகிறது. திரிவதற்கு அங்கே உள்ள எபிரேய வினைச்சொல்லும், இரண்டு அதிகாரம் முன்னால் மோசே கானானுக்கு ஆள் அனுப்பி வேவு பார்க்கச் சொல்லும் இடத்தில் உள்ள சொல்லும் ஒன்றுதான். 11ஆம் நூற்றாண்டு உரையாசிரியர் ராஷி இதைப் பிடித்துக்கொண்டார். கண்ணும் இருதயமும் உடம்பின் ஒற்றர்கள். பாவத்துக்குத் தரகு பேசுபவை. கண் பார்க்கிறது, இருதயம் ஆசைப்படுகிறது, உடம்பு செய்து முடிக்கிறது என்றார்.

அப்படியானால் வசனத்தில் இருதயம் ஏன் முதலில் வருகிறது? ‘சிஃப்ரே’ என்ற பழைய விளக்க நூல் இதைக் கேட்டுவிட்டுச் சொல்லும் பதில் சுவையானது. கண் தெரியாதவன் ஒருவன் எல்லா அட்டூழியமும் செய்கிறானே, அவனை எந்தக் கண் இழுத்தது? ஆகவே கண்தான் இருதயத்தின் பின்னால் போகிறது. மனம் எதைத் தேடுகிறதோ அதுதான் கண்ணில் படுகிறது. கண் காவல், ‘ஷ்மீரத் எய்னாயிம்’, என்று அவர்கள் சொல்வது இமையை மூடுவதோடு முடிவதில்லை என்பதற்கு இதுவே அடிப்படை.

காலையும் இரவும் சொல்லும் ‘ஷெமா’ என்ற செபத்தின் மூன்றாம் பகுதி இந்த ஐந்து வசனங்கள்தான். நினைவூட்ட ஒரு பொருளும் உண்டு: ஆடையின் நான்கு முனையிலும் தொங்கும் ‘ட்ஸிட்ஸித்’ குஞ்சம். ஓரத்திலிருந்து கட்டைவிரல் மேல்கணுவின் நீளத்துக்குக் குறையாமலும் மூன்று விரற்கடைக்கு மேற்படாமலும் ஒரு துளை போடுவார்கள். அதில் நான்கு நூலைக் கோத்து மடித்தால் எட்டு இழை தொங்கும். நான்கில் ஒன்று மட்டும் நீளம். சுற்றுவது அதை வைத்துத்தான். இரட்டை முடிச்சு, 7 சுற்று, முடிச்சு, 8 சுற்று, முடிச்சு, 11 சுற்று, முடிச்சு, 13 சுற்று, கடைசி முடிச்சு. இது மத்திய, கிழக்கு ஐரோப்பிய யூதர்களான அஷ்கெனாஸிகளின் வழக்கம். மற்றவர்களிடம் சுற்றுக் கணக்கு மாறும். எபிரேய எழுத்துகளுக்கு எண்மதிப்பு உண்டு. ‘ட்ஸிட்ஸித்’ என்ற சொல்லுக்கு 600. இழை 8, முடிச்சு 5 கூட்டினால் 613, அதாவது வேதத்தின் மொத்தக் கட்டளைகள்.

புதிதாகக் கட்டுகிறவர்கள் சறுக்குவது ஓரிடத்தில். நூலை முதலிலேயே நறுக்கச் சோம்பி, ஒரே நீள நூலைத் துளைக்குள் நாலு தரம் விட்டு, முடிச்சும் போட்டுவிட்டு, அப்புறம் மடிப்புகளை வெட்டுவார்கள். பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஆனாலும் செல்லாது, அவிழ்த்துவிட்டு மறுபடி கட்ட வேண்டும். ‘செய்’ என்பது கட்டளை. ஏற்கெனவே கட்டிக் கிடப்பதை வெட்டித் தகுதியாக்குவது செய்தல் ஆகாது என்கிறது தல்மூத், அதாவது பழைய யூத அறிஞர்களின் சட்ட விவாதத் தொகுப்பு.

கேள்வி: நினைப்பு தானாக வருகிறது. வராமல் தடுக்க யாரால் முடியும்? அதையும் குற்றக் கணக்கில் எழுதினால் எப்படி? (நாகர்கோவில் வாசகி)

நீங்கள் சொல்வதைத் தல்மூதே ஒப்புக்கொள்கிறது. நாள்தோறும் யாரும் தப்ப முடியாத மூன்று என்று ஒரு பட்டியல் போடுகிறது: பாவ நினைப்பு, செபத்தில் வரும் பிசகு, புறணியின் தூசி. (புறணி வேறு, புறணியின் தூசி வேறு. ‘அவரைப் பற்றி நான் வாயைத் திறக்க விரும்பவில்லை’ என்பது தூசி.) ஆகவே நினைப்பு வந்ததற்கு வழக்கு இல்லை, உட்காரவைத்துக் காபி கொடுத்ததற்குத்தான் வழக்கு. தீய உந்துதலை, ‘யேட்ஸர் ஹாரா’வை, பற்றி ராவா என்ற அறிஞர் சொன்னது: முதலில் வழிப்போக்கன், பிறகு விருந்தாளி, கடைசியில் வீட்டுக்காரன்.

என்ன செய்வது என்பதற்கு மிகத் தெளிவான கைநூல், 1796இல் அச்சான ‘தன்யா’. எழுதியவர் லியாதி ஊரின் ஷ்னேயோர் ஸல்மான், ஹசீதியம் என்ற யூத பக்தி இயக்கத்தில் ஹபாத் என்ற கிளையை நிறுவியவர். அவர் கணக்கில் சாமானியனுக்குச் சாத்தியமான வெற்றி, ஆசையே எழாமல் போவதல்ல. எழுந்ததும் ‘இரு கையாலும் தள்ளிவிடுவது’. தள்ளுகிற ஒவ்வொரு தடவையும் ‘திரியாதீர்கள்’ என்ற கட்டளையை நிறைவேற்றியதாகவே கணக்கு. ஆகவே நினைப்பு வந்ததற்காகச் சோர்ந்துபோகாதே, சந்தோஷப்படு என்று 27ஆம் அத்தியாயத்தில் நேரடியாகவே எழுதுகிறார். எனக்கு இப்படியெல்லாம் தோன்றவே கூடாது என்று வருந்துவது தன் நிலையை அறியாத கர்வம் என்றும் ஒரு குட்டு வைக்கிறார். அவர் நூலில் எங்களுக்கு மிகப் பிடித்த இடம் இது.

அடுத்த அத்தியாயத்தில் ஒரு காட்சி. ஒருவன் செபம் செய்கிறான். எதிரே வம்புக்காரன் வந்து நின்று, கவனத்தைக் கலைக்கவே பேச்சுக் கொடுக்கிறான். பதில் சொன்னால் அவன் ஜெயித்தான். நல்லதோ கெட்டதோ ஒரு வார்த்தை பேசாமல், செவிடன் போல இருந்து, சொல்லிக்கொண்டிருக்கும் வரியில் இன்னும் அழுத்தமாக இறங்குவதே வழி. அதே காலத்து ஹசீதிய குரு பிரெஸ்லாவ் நாக்மான் இதற்குக் காரணம் சொல்கிறார்: ஒரே நொடியில் மனம் இரண்டு நினைப்பைப் பிடிக்காது. வேறொன்றை நினைக்கத் தொடங்கினாலே போதும். அது வேதமாக இருந்தால் நல்லது, கடைக் கணக்காக இருந்தாலும் சரி.

கெட்டுப்போவதும் இங்கேதான். நினைப்போடு வாதம் செய்பவர்கள், போய்விட்டதா என்று திரும்பித் திரும்பிப் பார்ப்பவர்கள், தங்களை அறியாமல் அதற்குச் சோறு போடுகிறார்கள். அப்படியும் அடங்காவிட்டால் தல்மூத் ஒரு வரிசை தருகிறது: நல்ல உந்துதலை அதன்மேல் ஏவிவிடு, போதாவிட்டால் வேதம் படி, போதாவிட்டால் ஷெமா சொல், அதற்கும் அடங்காவிட்டால் சாகும் நாளை நினை. மரண நினைவு கடைசியில் நிற்பதைக் கவனியுங்கள். எடுத்த எடுப்பிலேயே அதைக் கையில் எடுத்தால் மனம் இடிந்துபோகும். இடிந்த மனத்தில் எதுவும் நுழையும்.

கேள்வி: அப்படியானால் தியானம் செய்து மனத்தைக் காலியாக்குவதுதானே நேர்வழி? (ஈரோடு வாசகர்)

காலி மனம் என்றாலே இந்த மரபுக்குச் சந்தேகம். யோசேப்பை அண்ணன்மார் தள்ளிய குழியைப் பற்றி ஆதியாகமம், ‘அது வெறுங்குழி, அதில் தண்ணீர் இல்லை’ என்கிறது. வெறுங்குழி என்றால் தண்ணீர் இல்லை என்று தெரியாதா, ஏன் இருமுறை? தண்ணீர்தான் இல்லை, பாம்பும் தேளும் இருந்தன என்று தல்மூத் படிக்கிறது. பிற்காலத்தார் இதை மனத்துக்கும் பொருத்தினார்கள். காம நினைப்பு ஓங்குவது அறிவு காலியாக உள்ள இருதயத்தில்தான் என்று யூதச் சட்ட அறிஞரும் தத்துவவாதியுமான மைமோனிடிஸ் (1138–1204) தம் சட்டத் தொகுப்பில் எழுதிவைத்தார்.

மாற்று, நிரப்புவது. ‘தீய உந்துதலைப் படைத்தேன், அதற்கு மசாலாவாக வேதத்தையும் படைத்தேன்’ என்று கடவுள் சொல்வதாகத் தல்மூதில் ஒரு வரி. மூலச்சொல் ‘தவ்லின்’, மருந்து என்றும் சிலர் பெயர்ப்பார்கள், ஆனால் நேர்ப்பொருள் மசாலாதான். கறியைக் கொட்டச் சொல்லவில்லை, பக்குவமாகச் சமைக்கச் சொல்கிறது. அதே பக்கத்தில் இன்னொரு உவமை: மகனை அடித்துவிட்ட தகப்பன் காயத்துக்குக் கட்டுப்போட்டு, ‘இது இருக்கிறவரை இஷ்டம்போல் சாப்பிடு, வெந்நீரிலோ தண்ணீரிலோ குளி, கழற்றினால் சீழ் வைக்கும்’ என்கிறானாம்.

நடைமுறையில் இது ‘தினம் இவ்வளவு’ என்று நேரம் குறித்த படிப்பு. தல்மூதை நாளுக்கு ஓர் ஏடு படிக்கும் ‘தஃப் யோமி’ 1923 செப்டம்பர் 11இல் தொடங்கியது. 2,711 ஏடு முடிய ஏறக்குறைய ஏழரை ஆண்டு ஆகும். ரயிலிலும் மதிய உணவு இடைவேளையிலும் படிப்பவர்கள் உண்டு. ஒருநாள் விட்டவர் மறுநாள் இரண்டு ஏடு படித்துச் சரிக்கட்டப் பார்ப்பார்; ஒரு வாரம் விட்டவருக்கு அது மலையாகி, படிப்பே நின்றுபோகும். விட்டதை ஓய்வுநாளுக்கு ஒதுக்கிவிட்டு அன்றைய ஏட்டிலேயே சேர்ந்துகொள்வது பிழைக்கும் வழி.

தியானமே கிடையாதா என்றால், உண்டு. 1943இல் நாஜிகளால் கொல்லப்பட்ட வார்சா ரபி (யூத மத குரு) கலோனிமுஸ் கல்மான் ஷபிரா ‘ஹஷ்காட்டா’ என்றொரு அமைதிப் பயிற்சி கற்றுக்கொடுத்தார். எண்ணங்களைத் தடுக்காமல், இப்போது என்ன ஓடுகிறது என்று சில நிமிடம் வெறுமனே கவனிக்க வேண்டும். கவனிக்கத் தொடங்கினாலே ஓட்டம் மட்டுப்படும். முடியாதவர் கடிகாரத்தின் சின்ன முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். மட்டுப்பட்டதும் ஒரு வேத வரியை மெல்லத் திரும்பத் திரும்பச் சொல்லி, தமக்கு எந்தக் குணம் வேண்டுமோ அதைக் கேட்க வேண்டும். காலியான இடத்தை அப்படியே விட்டுவிட இங்கும் அனுமதி இல்லை.

கேள்வி: கண்ணுக்குச் சொன்னீர்கள். காதில் விழுந்த வம்பை என்ன செய்வது? கேட்டதைக் கேட்கவில்லை என்று ஆக்க முடியுமா? (திருச்சி வாசகி)

முதலில் கேட்காமல் இருக்கப் பாருங்கள் என்கிறது தல்மூத். விரல்கள் ஏன் முளைக்குச்சி போல இருக்கின்றன? தகாததைக் கேட்டால் காதில் செருக. காது முழுக்கக் கெட்டியாக இருக்க, மடல் மட்டும் ஏன் மெத்தென்று இருக்கிறது? மடக்கி அடைக்க.

கேட்டுவிட்டால்? 1873இல் வெளிவந்த ‘ஹஃபெட்ஸ் ஹயிம்’ நூலின் பெயராலேயே அறியப்படும் ராதின் ஊர் ரபி இஸ்ரேல் மெயிர் ககான், புறணிச் சட்டத்தை அக்குவேறு ஆணிவேறாக எழுதினார். கேட்பவருக்கான விதி சுருக்கமானது: நம்பாதே, ஆனால் உஷாராக இரு. இந்த விதிக்குப் பின்னால் ஒரு பிணம் கிடக்கிறது. எரேமியா 40ஆம் அதிகாரத்தில், யூதாவின் ஆளுநர் கெதலியாவிடம் வந்து, ‘இஸ்மவேல் உன்னைக் கொல்லப் போகிறான்’ என்று யோகனான் எச்சரிக்கிறான். நீ பொய் சொல்கிறாய் என்று கெதலியா தட்டிவிடுகிறார். அடுத்த அதிகாரத்தில் மிஸ்பாவில், ஒன்றாகப் பந்தியில் உட்கார்ந்த இடத்தில், இஸ்மவேலும் பத்துப் பேரும் அவரை வெட்டிச் சாய்க்கிறார்கள். யூதப் புத்தாண்டு முடிந்த கையோடு இன்றும் அவருக்காக ஒரு நோன்பு இருக்கிறது. அவர் நம்பியிருக்க வேண்டாம். காவலாவது போட்டிருக்கலாமே என்பது தல்மூதின் குறை.

உதாரணமாக, கூட்டு வியாபாரி ஏமாற்றுக்காரர் என்று ஒருவர் வந்து சொல்கிறார். நீங்கள் உறவை முறிக்கக் கூடாது. முகம் மாறக் கூடாது. இன்னொருவரிடம் சொல்லவும் கூடாது. ஆனால் எழுத்து இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள், கணக்கைப் பாருங்கள். இதெல்லாம் எல்லோரிடமும் செய்யக்கூடிய காரியம் என்பதால் யாருக்கும் அவமானம் இல்லை.

ஒருவரை ஆபத்திலிருந்து காக்க நீங்களே சொல்ல வேண்டி வந்தால் ஏழு நிபந்தனை. விஷயம் உங்களுக்கு நேராகத் தெரிந்திருக்க வேண்டும், அது தப்புதான் என்று அவசரப்படாமல் தீர்மானித்திருக்க வேண்டும், முதலில் அந்த ஆளிடமே நயமாகச் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும், மிகைப்படுத்தக் கூடாது, நோக்கம் நன்மை மட்டுமே, வேறு வழி இருந்தால் பேசவே கூடாது, அவருக்கு நியாயமாக வரவேண்டியதைவிட அதிகச் சேதம் வரக் கூடாது. பெரும்பாலானவர்கள் தோற்பது ஐந்தாவதில். சொல்லும்போது உள்ளூர ஒரு குஷி இருந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

கேள்வி: நம் ‘சிற்றினம் சேராமை’ அவர்களிடமும் உண்டா? (மதுரை வாசகர்)

உண்டு, கொஞ்சம் கடுமையாகவே. மனிதன் நண்பரையும் அக்கம்பக்கத்தையும் ஊர் வழக்கத்தையும் பார்த்துத்தான் எண்ணுவான், நடப்பான்; நல்ல ஊர் ஒன்றுகூட இல்லையென்றால் தனியே இரு, அதற்கும் விடாவிட்டால் குகைக்கும் காட்டுக்கும் போ என்கிறார் மைமோனிடிஸ். 1740இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சான ‘மெசிலத் யெஷாரிம்’ நூலில் மோஷே ஹயிம் லுட்ஸாட்டோ பயப்படுவது கெட்ட சகவாசத்துக்கு மட்டுமல்ல, கிண்டல் கூட்டத்துக்கும்தான். கேலி, எண்ணெய் தடவிய கேடயம் போன்றதாம். அறிவுரை என்ற அம்பு எதுவும் அதில் தைக்காமல் வழுக்கி விழும்.

கேள்வி: இன்ன புத்தகம் படிக்காதே என்பதும் காவல்தானா? அது மூளைச்சலவை இல்லையா? (சென்னை வாசகி)

இந்தக் கேள்வியில் அவர்களே இன்னும் ஒத்துப்போகவில்லை. நம்பிக்கையின் வேரை அறுக்கும் சிந்தனையில் மனத்தைச் செலுத்தக் கூடாது என்று மைமோனிடிஸ் சட்டம் எழுதினார். ஆனால் விக்கிரக வழிபாட்டைப் பற்றி அரபியில் கிடைத்த நூலையெல்லாம் தாம் படித்துவிட்டதாக ஒரு கடிதத்தில் அவரே சொல்கிறார். அவர் ஊறிய கிரேக்கத் தத்துவத்துக்கு 1305இல் பார்சிலோனாவில் ரபி ஷ்லோமோ பென் அதெரெத் தடை போட்டார். தடை 25 வயது நிறையாதவர்களுக்கு மட்டும், 50 ஆண்டுக்கு, மருத்துவ நூலுக்கு விலக்கு. நஞ்சு என்று சொல்லவில்லை, பிஞ்சு வயிற்றுக்கு ஆகாது என்றார்கள்.

இன்னொரு பக்கம், நம்பிக்கையை விட்டுப்போன எலீஷா பென் அபூயாவிடமே ரபி மெயிர் தொடர்ந்து பாடம் கேட்டார். ‘மாதுளம்பழம் கிடைத்தது, உள்ளே இருந்ததைத் தின்றார், தோலை எறிந்தார்’ என்று தல்மூத் அவருக்காகப் பேசுகிறது. எலீஷா ஏன் தவறினார் என்பதற்கு அது சொல்லும் காரணங்களில் ஒன்று, பாடசாலையில் எழுந்திருக்கும்போது அவர் மடியிலிருந்து மாற்றுக் கொள்கைப் புத்தகங்கள் விழும் என்பது. இரண்டு கதையும் ஒரே ஏட்டில் இருக்கின்றன. எங்களைக் கேட்டால், தடையை வயதோடும் பக்குவத்தோடும் கட்டினால் காவல். அதிகாரத்தில் இருப்பவருக்குப் பிடிக்காததை என்றைக்குமாக மூடினால் நீங்கள் சொன்ன சலவைதான்.

கேள்வி: இன்றைக்குக் கைப்பேசியை என்ன செய்கிறார்கள்? கண் காவல் என்ற பெயரில் பெண்களை ஒதுக்குவதாகவும் படித்தோம். (கோவை வாசகி)

2012 மே 20 அன்று நியூயார்க்கின் சிட்டி ஃபீல்ட் மைதானத்தில் இணையத்தின் ஆபத்தைப் பேசவே 40,000க்கும் மேற்பட்ட ஆண்கள் கூடினார்கள். தீவிர மரபினர் பலர் அழைப்புக்கு மட்டும் பயன்படும் ‘கோஷர்’ (மத விதிக்கு ஒத்த) கைப்பேசி வைத்திருக்கிறார்கள். வேலைக்கு இணையம் தேவைப்படுகிறவர்கள் வடிகட்டி போடுகிறார்கள். கெட்ட தளங்களை மட்டும் மறிக்கும் வடிகட்டியில் நாளும் புதிது புதிதாக ஓட்டை விழும். அனுமதித்த தளங்களைத் தவிர எதுவும் திறக்காத வகை இறுக்கமானது, தொல்லையும் அதிகம். எந்த வகையானாலும் கடவுச்சொல் சொந்தக்காரரிடம் இருந்தால் அது வடிகட்டியே இல்லை. மனைவியிடமோ நண்பரிடமோ கொடுத்துவிட வேண்டும். ஆசை வரும் நேரத்தில் சாவி கையில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான் இதன் சூத்திரம்.

இரண்டாவது பாதிக்கு வருவோம். ஆற்றங்கரையில் பெண்கள் துணி துவைக்கும் வழியாகப் போகிறவனைப் பற்றித் தல்மூத் பேசுகிறது. வேறு வழி இருந்தும் அவ்வழியே போனால் அவன் கெட்டவன், கண்ணை மூடிக்கொண்டு போனாலும்கூட. வேறு வழியே இல்லையென்றால் அவன்மேல் குற்றமில்லை. ஆனாலும் பார்வையை அடக்கிக்கொள்ள வேண்டும். துவைக்கிறவர்களை எழுந்து போகச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். பாரம் முழுக்க நடக்கிறவன் தலையில். ஆனால் 2015 ஜனவரியில், பாரிஸ் பேரணியில் உலகத் தலைவர்கள் நடந்த படத்திலிருந்து ஜெர்மன் பிரதமர் ஏஞ்சலா மெர்க்கலை இஸ்ரேலின் தீவிர மரபுப் பத்திரிகை ஒன்று அழித்துவிட்டு அச்சிட்டது. ஆற்றங்கரைச் சட்டத்தைத் தலைகீழாகப் பிடித்ததாகத்தான் எங்களுக்குப் படுகிறது.

கேள்வி: தினமும் செய்யக்கூடிய எளிய பயிற்சி ஒன்று சொல்லுங்கள். தீய உந்துதலை ஒரேயடியாக ஒழிக்க வழி இருந்தாலும் சொல்லுங்கள். (தூத்துக்குடி வாசகர்)

ஒரு நோட்டுப் போதும். மெனாகெம் மெண்டல் லெஃபின் 1808இல் வெளியிட்ட ‘ஹெஷ்போன் ஹநெஃபெஷ்’, அதாவது ஆன்மக் கணக்கு, அமெரிக்கர் பெஞ்சமின் பிராங்க்ளின் தமக்குத் தாமே வகுத்த முறையைத் தழுவியது. மன அமைதி, பொறுமை, ஒழுங்கு, மௌனம் என்று 13 குணங்கள். வாரத்துக்கு ஒன்று, 13 வாரத்தில் ஒரு சுற்று, ஆண்டுக்கு நான்கு சுற்று. பக்கத்தில் கீழ்நோக்கி 13 குணம், குறுக்கே 7 நாள் கட்டம் போடுங்கள். காலையில் அந்த வாரக் குணத்தைப் பற்றிய ஒரு வரியை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இரவில், சறுக்கிய தடவைக்கு ஒரு புள்ளி. மற்ற 12 குணத்துக்கும் புள்ளி உண்டு, ஆனால் அந்த வாரம் பாடுபடுவது ஒன்றுக்கு மட்டும். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் திருத்தக் கிளம்புகிறவரின் நோட்டு பத்தாம் நாள் பரணுக்குப் போய்விடும். முதல் வாரத்தைவிட இரண்டாம் வாரம் புள்ளி கூடினால் பயப்படாதீர்கள். முன்னால் கண்ணில் படாதது இப்போது படுகிறது.

ஒரேயடியாக ஒழிப்பதையும் ஒருமுறை செய்து பார்த்தார்களாம். பழங்காலத்து யூத அறிஞர் அவையான பெருஞ்சபையார் மூன்று நாள் நோன்பிருந்து, விக்கிரக ஆசையைத் தீக்குட்டிச் சிங்கமாகப் பிடித்து அடைத்தார்கள். வந்த கையோடு காம உந்துதலையும் கேட்டு வாங்கி மூன்று நாள் சிறைவைத்தார்கள். அப்போது ஒரு நோயாளிக்கு அன்றைக்கு இட்ட கோழிமுட்டை தேவைப்பட்டது. இஸ்ரேல் தேசம் முழுக்கத் தேடியும் ஒரு முட்டை கிடைக்கவில்லை. கொன்றுவிடலாமா, பாதியாவது குறைக்கச் சொல்லிக் கேட்கலாமா என்று யோசித்துவிட்டு, கடைசியில் அதன் கண்ணைக் குத்தி அவிழ்த்துவிட்டார்கள்.